இரண்டு கை அளவு

ஆயுர்வேத மருந்துக் கடை வைத்திருப்பவளுக்குத் தீபாவளி என்பது தீபாவளிக்கு மறுநாள்தான். முதல்நாள் தின்றவர்கள் எல்லாம் அன்றுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எண்பதுகளில் மலேசியாவின் கோலா குபு பாருவில் நான் கடை நடத்தியபோது எல்லாருக்கும் ஒரே பாடம்தான் சொன்னேன். வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு தண்ணீர், மீதிக் கால் பங்கு சும்மா இருக்கட்டும். போதும் போதும் என்று கத்திய பிறகும் இலையில் இன்னொரு கரண்டி விழுந்து தவித்தவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பெரிய கை

ராசா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி ஒருநாள் வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் அதட்ட வாயைத் திறந்தால் ஏப்பம்தான் முதலில் வருகிறதாம், பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்கள் சிரிக்கிறார்களாம். பாதி, கால் என்ற கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "இரண்டு கையையும் சேர்த்துக் குவியுங்கள். அதில் கொள்ளுகிற சோறும் கறியும் போதும். அவரவருக்கு அவரவர் கைதான் அளவு" என்றேன்.

குவித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல வேள, எங்கப்பா பெரிய கையா குடுத்துட்டுப் போனாரு!"

பேச்சு நின்றது

இரண்டு வாரத்தில் வயிற்று உப்பல் இறங்கி வந்தார், முகமும் தொங்கிப்போயிருந்தது. அவர் மனைவி லெட்சுமிக்கு ஆசையைக் காட்ட அகப்பைதான் தெரியும். கையை வைத்து மறைத்தால் விரல் இடுக்கில் குழம்பை ஊற்றுவாளாம். இவர் நாலு நாள் பிடிவாதமாக மறுத்ததும் பேச்சையே நிறுத்திவிட்டாள். எனக்கு இருவர் மேலும் பாவமாக இருந்தது. "வயிறு செரிக்குது வைத்தியரம்மா. வீடுதான் செரிக்க மாட்டேங்குது."

லெட்சுமியின் கை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லெட்சுமியே பஸ் ஏறிச் சண்டைக்கு வந்துவிட்டாள். "என் சமையல்ல என்னக்கா கொற கண்டீங்க?" என்று ஆரம்பித்தவள் பாதியில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். தலைசுற்றல். உட்கார வைத்து நாடி பார்த்தேன், மெலிந்து ஓடியது. வேறொரு மண்டோரின் கீழ் வேலை செய்பவள், போன வாரம் மரம் வெட்டும்போதே மயங்கி விழுந்தாளாம், வீட்டில் சொல்லவில்லை.

காலையில் என்ன பசியாறினாய் என்று கேட்டேன். வெறும் கோப்பி. ராத்திரி, புருஷனும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையைக் குவி" என்றேன். காய்ப்பேறிய சின்னக் கைகள். "மிஞ்சுவது அளவல்ல லெட்சுமி. இதுதான் உன் அளவு."

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டும் எனக்கா அக்கா?"

நடுத்துண்டு

அவளாகப் போட்டுக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். அதனால் மண்டோரை வரவழைத்து, அவள் மயங்கி விழுந்ததைச் சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். "இனிமேல் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். அவளுக்கு நீங்கள்தான் பரிமாற வேண்டும்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து ஜோடியாக வந்தார்கள். லெட்சுமியின் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது, மயக்கம் வருவதில்லையாம். அவள் தைலப் புட்டிகளைப் பார்க்க அந்தப் பக்கம் போனதும் மண்டோர் குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கு மீன் தலைதான் பிடிக்கும்னு இத்தன வருஷமா நெனச்சிருந்தேன்லா. நடுத்துண்ட எடுத்துப் போட்டேன். முள்ளு மட்டுந்தான் மிஞ்சிச்சு."

அலமாரி நிறைய லேகியம் அடுக்கி வைத்திருந்தும், நான் சொன்னதிலேயே நன்றாக வேலை செய்த மருந்தை அவர்கள் மீன்காரனிடம்தான் வாங்கினார்கள்.