ஈ வைத்த திருகு

ஈரத் துணியில் கையைத் துடைத்து, காய்ந்த துணியில் இன்னொரு முறை துடைத்து, விரல்களை முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் அவர் பக்கத்தைப் புரட்டுவார். ஒரு பக்கத்துக்கே இவ்வளவு என்றால் ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குண்டு அகற்றும் குழுக்களுக்குக் கையேடு தயாரித்து அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. போர் முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அன்று ஆகாயத்திலிருந்து விழுந்து, வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டுகள், யாராவது கடைக்கால் தோண்டினால் இன்றும் தலையை நீட்டுகின்றன. அதைத் திறக்கப் போகிறவனுக்குத் துணை, போர்க்காலத்தில் அவசர அவசரமாக எழுதிய புத்தகத்தின் நகல். அதுவும் நகலின் நகலின் நகல். ஒரு படை எழுதியதை இன்னொரு படை மொழிபெயர்த்து, படங்களை டிரேசிங் தாளில் வரைந்தெடுத்து, அதை வேறொருவர் சுருக்கி, இன்னொருவர் நீட்டி, எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த மனிதரின் உத்தியோகம். அலுவலகத்தில் அவருக்கு 'மூலம்' என்று பேர். "மூலம் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கணக்குப் பிரிவில் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இந்தப் பேரை முதல்ல யாரு வச்சது?" என்று மட்டும் கேட்பார்.

மத்தியானம் அவர் மனைவி எனக்குத்தான் போன் செய்வார். "சாப்பிட்டாராம்மா, இல்ல புத்தகத்தையே மென்னுகிட்டு இருக்காரா?" அந்த அம்மாளின் பாடு என் பாட்டைவிட மோசம். "எங்க அக்கா வீட்டுல சண்டைன்னு சொன்னா, என்ன சண்டைன்னு கேக்க மாட்டாரு. உனக்கு யாரு சொன்னா, அவங்களுக்கு யாரு சொன்னான்னு கேப்பாரு. மூணு வீடு தாண்டிப் போனா சண்டையே நடக்கலன்னு ஆயிடும். அப்புறம் நான் என்னத்தப் பேசறது?"

கையேட்டின் புதிய பதிப்பை அச்சுக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு என் தலையில். எல்லாம் தயார், ஒரே ஒரு படத்தைத் தவிர. குண்டின் மூக்கில் ஒரு வட்ட மூடி. அதில் மூன்று திருகுகள் போட்டிருந்தன. நம்மவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டார்.

"ரெண்டு திருகுக்கும் தலையில கோடு இருக்கு பாருங்கம்மா. மூணாவதுக்கு மட்டும் இல்ல. ஏன்?"

"வரைஞ்சவன் மறந்திருப்பான் சார்."

"மறந்தான்னு யாரு சொன்னது?"

நாலைந்து நாட்டு ராணுவக் கிடங்குகளுக்கு எழுதிப் போட்டார். பதில் வரும்வரை புத்தகம் நின்றது. அச்சகத்துக்காரர் தினமும் என்னைக் காய்ச்சி எடுத்தார். "அந்தப் படத்தை அப்படியே விட்டுட்டு அனுப்பலாமே சார்" என்று கெஞ்சினேன். "எனக்கே தெரியாததை எப்படிம்மா அச்சடிக்கிறது?" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பும்.

என் அவசரத்துக்குக் காரணம் அச்சகம் மட்டுமில்லை. என் தம்பி குண்டு அகற்றும் குழுவில் இருக்கிறான். புதிய பதிப்பில் திருத்தங்கள் ஏராளம். அது வரும்வரை, செல்லோடேப் ஒட்டிய பழைய புத்தகத்தோடுதான் அவன் குழிக்குள் இறங்கியாக வேண்டும். இந்த மனிதரோ கை துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒருவழியாகக் கிடங்குகளிலிருந்து பழைய பிரதிகள் மூன்று வந்தன. மூன்றும் ஒரே அச்சு, போர்க்காலத்து முதல் புத்தகம். நேரே அந்தப் படத்தைத் திறப்பார் என்று பார்த்தால், அட்டையிலிருந்து ஆரம்பித்தார். "முதல்ல இருந்துதாம்மா வரணும்." வாரக் கடைசியில் முன்னுரையைத் தாண்டியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி பேசினான். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டத் தோண்டிய இடத்தில் ஒரு குண்டு. "காலையில இறங்கறோம்க்கா. ரெண்டு திருகு தெரியுது, மூணாவதைக் காணோம். துரு மூடியிருக்கும். சுரண்டிப் பாத்துட வேண்டியதுதான்." பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற மாதிரி சொன்னான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் பையைக்கூட இறக்காமல் அவரிடம் கத்தினேன். அதே மூடி, அதே மூணாவது திருகு, என் தம்பி, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ரெண்டுதான் இருக்குன்னு அவரே கண்ணால பாத்தாரா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் கையிலிருந்த பிரதியைப் பிடுங்கினேன். கையாவது துடைப்பதாவது! பக்கங்களைத் தள்ளிப் படத்தை எடுத்தேன். இரண்டே திருகு. இரண்டாவது பிரதியிலும் இரண்டே திருகு. மூன்றாவதில் மூன்று. அதில் மட்டும் கோடுகளின் மேல் யாரோ பென்சிலை அழுத்தி ஓட்டிய தடம் இருந்தது. நாலு மூலையிலும் குண்டூசி குத்திய ஓட்டை.

"இதை வச்சுத்தான் டிரேஸ் எடுத்திருக்கான்" என்றார். கோடு இல்லாத அந்த மூன்றாவது திருகைப் படத்திலேயே வெகுநேரம் பார்த்தார். பஞ்சை நனைத்து அதன்மேல் மெல்ல ஒற்றினார். திருகு பஞ்சோடு வந்துவிட்டது.

"ஈ" என்றார். "ஈ எச்சம்."

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று தம்பிக்குப் போன் போட்டேன். என்றோ எவனுடைய மேசையிலோ ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து போயிற்று. அதை ஒருவன் திருகு என்று வரைந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் பயபக்தியோடு வரைந்தார்கள். அதைத் தேடி என் தம்பி உயிருள்ள குண்டைச் சுரண்டப் போகிறான்.

தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. குழியில் இறங்கும்போது போனை வண்டியில் வைத்துவிடுவார்கள். கடைசியில் வண்டி டிரைவர்தான் எடுத்தார்.

"உள்ளே போயிட்டாங்கம்மா. இப்ப தொந்தரவு பண்ணக்கூடாது."

"வாக்கி டாக்கியில சொல்லுங்க. மூணாவது திருகு கிடையாது. தேட வேண்டாம், சுரண்ட வேண்டாம்."

"நான் எப்படிம்மா சொல்றது? யாரு சொன்னதுன்னு கேப்பாங்களே?"

என் கையிலிருந்த போனை அவர் வாங்கினார். எதையும் இன்னார் சொன்னது, இன்ன பக்கத்தில் இருப்பது என்று சேர்க்காமல் பேசாத மனிதர். "நான் சொன்னேன். போய்ச் சொல்லு" என்று கத்தினார். கணக்குப் பிரிவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் டிரைவர் வாக்கி டாக்கியில் சொல்வது கேட்டது. அப்புறம் வெறும் இரைச்சல். அப்புறம், "வெளியே வர்றாங்க சார். சுரண்ட ஆரம்பிக்கலையாம்" என்றது டிரைவரின் குரல். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னுரைக்கு அடுத்த பக்கத்தைத் திறந்தார். ஆனால் அன்று முழுக்க அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

இரண்டு திருகைக் கழற்றி, குண்டைச் செயலிழக்கச் செய்து முடித்த மறுநாள், தம்பி பழைய கையேட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "வாங்க தம்பி" என்று எழுந்து போய் அவன் வலது கையைப் பிடித்தவர், ஆரம்பித்துவிட்டார்.

"புத்தகத்துல இப்படியா டேப் ஒட்டறது? பசை காகிதத்தைத் தின்னுடாது? இங்க பாருங்க, மடிப்பு. இங்க எண்ணெய்க் கறை. ஓரத்துல பேனாவால கிறுக்கல் வேற. இதெல்லாம் நாளைக்கு ஒருத்தன் படம்னு வரைஞ்சு வைப்பான்."

தம்பி திருதிருவென்று என்னைப் பார்த்தான். திட்டு ஒருவழியாக முடிந்தது. கையை அவர் விடவில்லை.