எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் போயின?

காலை ஏழு மணிக்குச் சுமதியைப் பார்த்து மூன்று பத்தி எழுத வேண்டும்: அன்றைய வேலை இவ்வளவுதான். உள்ளூர்ப் பெயர் ஒன்று கிடைத்தால் ஆகாயச் செய்தியும் உள்ளூர்ச் செய்திதான் என்பது, என்னைப் போல் தினசரியில் உழல்கிறவர்களுக்குத் தெரியும்.

உள்ளேயா, வெளியேயா

சுமதி விண்வெளி ஆய்வு மாணவி. ஊர் அடி அண்ணாமலை. பூமியின் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் கதிர்வீச்சு வளையத்தில் அதிவேக எலக்ட்ரான்கள் ஓயாமல் சுற்றுகின்றன. சூரியப் புயல் அடித்தால் சில மணி நேரத்தில் காணாமல் போகின்றன. வளையத்தில் எழும் மின்காந்த அலைகள் தட்டிவிட்டுக் கீழே காற்று மண்டலத்தில் கொட்டலாம். காந்தப்புலத்தின் எல்லை நசுங்கி, வெளியே தப்பியும் போகலாம். எல்லாம் கொட்டிவிட்டன என்பது சுமதியின் முடிவு. கிரிவலப் பாதையில் சோடாக் கடை வைத்திருக்கும் அவருடைய அப்பா ஏழுமலைக்கு ஒரே சந்தேகம்: கொட்டுவது நம் தலையிலா? ரொம்ப உயரத்திலேயே நின்றுவிடும் என்றார் மகள்.

"நின்னா சரி. பௌர்ணமி வியாபாரம் கெடாம இருந்தா போதும்."

கூட்டம் கம்மி

ஏழுமலை கடையில் நின்று கிரிவலக் கூட்டத்தை எழுதுவது எங்கள் நிருபர்களின் வழக்கம். அங்கே மின்விசிறி உண்டு. அந்த வாரப் பௌர்ணமி மாலை பாதை திடீரென்று காலியானது. 'கூட்டம் கம்மி' என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். செங்கம் சாலையிலிருந்து வந்த சுமதி விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே போலீஸ் கயிறு கட்டி ஜனத்தை நிறுத்தியிருந்தது. "யாரும் எங்கயும் போகல சார். ஒரே எடத்துல நின்னு பாத்தா இப்படித்தான்." சொன்னவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நானும் ஒரே செயற்கைக்கோளத்தான் சார் நம்பிட்டிருக்கேன்."

நிறுத்துங்க

செய்தி ஞாயிறு பக்கத்துக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை சுமதி கடைக்கு வரச் சொன்னார். மற்ற செயற்கைக்கோள்களின் பதிவோடு ஒப்பிட்டிருக்கிறார். புயலின்போது வளையம் விரிய, எலக்ட்ரான்கள் வேகம் குறைந்து கருவியின் கண்ணில் படாமல் இருந்திருக்கின்றன. ஒரு பகுதி பிறகு திரும்பிவிட்டது. போனவற்றில் பெரும்பகுதி வெளி எல்லை வழியாகப் போயிருக்கிறது. கொட்டியது கொஞ்சம்தான். ஆய்வேட்டைத் திருத்த இன்னும் ஒரு வருஷம். கையில் வந்த கல்லூரி வேலை போய்விடும். நான் அலுவலகத்துக்குப் போன் செய்து செய்தியை நிறுத்தச் சொன்னேன். "பக்கம் காலியாவுதே சார்" என்று துணை ஆசிரியர் புலம்பினார். ஏழுமலை பாட்டில்களைத் துடைத்தபடி இருந்தார். "பொண்ணு படிச்சி முடிச்சிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே, இப்ப என்னம்மா சொல்றது?"

"இன்னும் சுத்திட்டுத்தான் இருக்கா, வெளிய வரலன்னு சொல்லுங்கப்பா."

அடுத்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் சுமதியின் திருத்திய முடிவு எங்கள் பத்திரிகையில் வந்தது. தீபச் செய்தி இடத்தைப் பிடித்துக்கொள்ள, மூன்று பத்தி ஒன்றாகியிருந்தது.