பெரிய தோடு மறைத்த கட்டி

மூன்று பிள்ளைகளுக்குப் பாலூட்டித் தளர்ந்த மார்பைத் தூக்கி நிறுத்த எனக்கு ஆசை. கணவரிடம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, டுரியான் துங்காலிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போய், ஓர் அழகு நிலையத்தில் படுத்தேவிட்டேன்.

“கத்தியே இல்லக்கா. ஊசியால நாலு ஓட்டை போட்டு, நூல விட்டு இழுத்துடுவோம். தழும்பே தெரியாது லா,” என்றாள் அங்கிருந்த பெண். “தோடெல்லாம் கழட்டி வச்சிடுங்க.”

கழற்றினேன். காதில் புளியங்கொட்டை அளவுக் கட்டி விரலில் இடறியது. பதினாறு வயதில் இரண்டாவது தோட்டுக்குக் குத்திய இடம். அதை மறைக்கத்தான் இத்தனை வருடமாகப் பெரிய தோடு போடுகிறேன். காதில் ஒரு ஓட்டைக்கே இப்படியென்றால் மார்பில் நாலு ஓட்டைக்கு? அவள் ஊசியை எடுத்துவிட்டாள். பாத்ரூம் போவதாகப் பொய் சொல்லி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தேன்.

அடுத்த வாரம் ஒரு தோல் ஸ்பெஷலிஸ்ட் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். காதைத் தொட்டுப் பார்த்தார். “உங்க தோல்ல சின்னக் காயம்கூட இப்படித் தடிச்சு வளரும்மா. நெஞ்சுல இன்னும் மோசமா வரும். அவங்க இதக் கேக்கவே இல்லையா?”

அவள் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், உட்கார்ந்ததும் முதலில் தோட்டைக் கழற்றிவிடுகிறேன்.