க முதல் ன வரை ஒரு மூச்சு

அது முதன்முதலில் வந்தது கணக்குப் பரீட்சை அன்று காலையில். பள்ளி விடுதியில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு ஓடத் தொடங்கியது. விரல் நுனிகள் மரத்தன, உதடு கோணியது. எவ்வளவு காற்றை இழுத்தாலும் போதவில்லை. சாகப்போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. நான் சாகவில்லை. ஆனால் அது மறுபடியும் வரும் என்ற பயம் அன்று குடியேறியதுதான், பிறகு போகவே இல்லை.

விடுதி சமவெளியில் இருந்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து படித்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். ஆகவே அழக்கூடாது என்று வைத்திருந்தேன். கம்பவுண்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை, மலையில் பிறந்த உடம்புக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினார். கூடப் படித்தவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

“மூச்ச மலையிலயே வச்சிட்டு வந்துட்டியா? அடுத்த தடவ போறப்ப மூட்டையில கட்டி எடுத்துட்டு வந்திரு” என்றாள் ஒருத்தி. அந்தக் கணக்குப் பரீட்சையில் அவளைவிட இருபது மதிப்பெண் கூட வாங்கினேன். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. படுத்தால் வந்தது, பிரார்த்தனைக்கு நின்றால் வந்தது, கிணற்றடியில் வாளியைக் கையில் வைத்திருக்கும்போது வந்தது.

அதற்கு ஒரு மருந்தை நானே கண்டுபிடித்தேன். அன்று எனக்குச் சமையல் முறை. விறகு ஈரம். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது அது வந்துவிட்டது. எழுந்து ஓடினால் அடுப்பு அணைந்துவிடும், நாற்பது பேர் பட்டினி. அதனால் விடாமல் ஊதினேன். குழலில் வேகமாக ஊதினால் புகைதான் வரும். மெல்ல, நீட்டி ஊதினால்தான் தீப் பிடிக்கும். தீப் பிடித்தபோது என் நெஞ்சும் அடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு குழல் இல்லாமல் ஊதிப் பார்த்தேன். பேராசைப்பட்டு நிறையக் காற்றை இழுத்தால் விரல் இன்னும் மரத்தது. அடக்கி வைத்தால் தலை சுற்றியது. கொஞ்சமாக இழுத்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் உதட்டைக் குவித்து விட்டால் மட்டுமே இறங்கியது. அளவுக்கு மெய்யெழுத்துகளை வைத்துக்கொண்டேன். க, ங, ச, ஞ, ட, ண, இந்த ஆறும் மனதுக்குள் ஓடும்வரை உள்ளே. த முதல் ன வரை மீதிப் பன்னிரண்டும் முடியும்வரை வெளியே. நீட்டி விட்டால் நெஞ்சு ஏன் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. பத்துத் தடவையில் ஆறு ஏழு தடவை கேட்டது. அவ்வளவுதான் என் கையில் இருந்தது.

எட்டாம் வகுப்பு தேறி ஊருக்குப் போனேன். வாத்தியாராகப் படிக்க அந்தக் காலத்தில் அது போதும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம், மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு மிளகு கொண்டு போனவர்கள் கையில் மேலே வந்து சேர்ந்தது. ஆடி நோன்பு முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும், வராவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. நான் அதை வாசித்துக் காட்டினேன். அப்பா மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு, அடுத்த வீட்டுக்காரரைக் கூட்டிவந்து அவருக்காக வாசிக்கச் சொன்னார்.

அந்த வருஷம் மழை இல்லை. விதைத்த சாமை ஒரு விரற்கடை எழுந்து அப்படியே வெளுத்துப்போய் நின்றது. நோன்பன்று உச்சிப்பொழுதில் அம்மன் கோயில் முன் ஊரே கூடியிருந்தது. யார் மேலாவது அம்மன் இறங்கி, மழை எப்போது என்று வாக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். மேளம் அடித்தது என் மாமா, அம்மாவின் தம்பி. சாமி வந்தவரின் தோளைப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் மேளம் அடிப்பார்கள். தோள் வேகமாக ஏறி இறங்கினால் மேளமும் வேகமாகும்.

மேளம் நெஞ்சில் மோதியது. எனக்கு அது வந்துவிட்டது. கை விறைத்தது, உதடு கோணியது, உடம்பு உதறியது. ஒதுங்கிப் போய்விட நினைத்தேன், கால் எழவில்லை. யாரோ என் சடையைப் பிடித்து அவிழ்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. விறைத்த விரல்களுக்குள் வேப்பிலையைத் திணித்தார்கள். அப்போதுதான் என்ன நடக்கிறது என்று புரிந்தது. மலையூர்கள் சில சேர்ந்த எங்கள் நாட்டில், ஆடியில் அம்மன் இறங்கி வாக்குச் சொன்ன பெண் மூன்று ஆடி கழியும்வரை நாட்டு எல்லையைத் தாண்டக்கூடாது. காரவள்ளியைக்கூட அவள் பார்க்க முடியாது. ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் போதும், திங்கட்கிழமை இல்லை.

பூசாரி குனிந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

“எங்கிருந்து வாரே தாயி? மழயக் கட்டி வச்சிருக்கறது ஆரு? சொல்லு தாயி.”

எனக்கு இது நோய் என்று கத்த நினைத்தேன். வாய் கோணியிருந்தது, காற்று இல்லை. கூட்டத்தில் அப்பா தெரிந்தார். பெண்ணை எதற்குக் கீழே அனுப்பினாய் என்று நான்கு வருஷமாக ஊர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதே ஊர் அவருக்கு வழிவிட்டு விலகி நின்றது. கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணீர் வழிய, என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடிதம் வாசித்தபோதுகூட அப்படி இல்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். க, ங, ச. ச-விலேயே மூச்சு அறுந்தது. மறுபடி க. பெண்கள் குலவையிட்டார்கள். மாமா என் தோளைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார். கூடிய மேளம் என் நெஞ்சைக் கூட்டியது. அந்தச் சுழலில் நான் போயே போய்விட்டேன் என்று நினைத்தேன். உண்மையிலேயே அம்மன்தானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படியானால் நான் யாரோடு சண்டை போடுகிறேன்? ஆனாலும் நிறுத்தவில்லை. எண்ணி இழுப்பதை விட்டுவிட்டு, எண்ணி விடுவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். த, ந, ப, ம. அடுத்த தடவை ய வரை வந்தது. அதற்கடுத்து வ வரை.

தோள் மெதுவானது. மாமாவின் கையும் அவரை அறியாமல் மெதுவானது. நான் ன-வைத் தொட்டபோது மேளம் ஒற்றை ஒற்றை அடியாக விழுந்தது. பிறகு நின்றது.

கண்ணைத் திறந்தேன். பூசாரி என் விரல்களைப் பிரித்து வேப்பிலையை எடுத்துக்கொண்டார்.

“வாக்குக் குடுக்காமப் போயிருச்சுங்க” என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னார்.

வேறு யார் மேலும் அன்று அம்மன் இறங்கவில்லை. கூட்டம் கலைந்தபோது என்னைத் திட்டியவர் ஒருவரும் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு பெண் மட்டும் கைக்குழந்தையோடு என் அருகே வந்து நின்று, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மழையைக் கேட்டிருக்கலாமே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை; அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டு வாசலில் அப்பா கேட்டார்.

“நீயா அனுப்புன கண்ணு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது தானாகப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். படித்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று ஒரு திமிர் எனக்கு.

“ஆமாங்கப்பா. அது சாமி இல்லீங்க. எனக்கு வர்ற வியாதி. மூச்ச விட்டு அடக்கினேன்.”

“வியாதின்னா மழ வராதா?” என்றார். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது என் தகரப் பெட்டி வாசலில் இருந்தது. அப்பா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். எதிரே வந்தவர்கள் அவரிடம் எங்கே என்று கேட்கவில்லை. பாதையை விட்டு ஏறி நின்றார்கள். செங்குத்தான இறக்கத்தில், கீழே சமவெளி வெள்ளையாகத் தெரிந்த இடத்தில், எனக்கு மறுபடி வந்தது. பாறையைப் பிடித்து உட்கார்ந்தேன். க, ங, ச. வேலை செய்யவில்லை. மறுபடி, மறுபடி. எழுத்துகளே மறந்துபோயின. மூச்சு என்னைத் தூக்கித் தூக்கி அடித்தது.

அப்பா பெட்டியை இறக்கி வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கைகள் கும்பிட எழுந்து, பாதியில் நின்று, கீழே விழுந்தன.

“ஊட்டுக்குப் போயர்லாமா சாமி?”

அதை அவர் மகளிடம் கேட்டாரா, வேறு யாரிடமாவது கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன். அவர் பெட்டியைத் தூக்கினார். நான் எழுந்தேன். நெஞ்சு அடங்கவில்லை, விரல் மரத்தே இருந்தது, கண் இருண்டது. அடங்கட்டும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். அப்படியே, உதறிக்கொண்டே, அவர் முதுகைப் பார்த்து ஒவ்வொரு கல்லாக இறங்கினேன்.