எலும்புக்கூட்டுக்கு ஒரு சலாம்

"உங்கட ஊர்ப் பெண்டுகளுக்கு இதெல்லாம் சரிவராது. ரெண்டு கதவு திறக்க முதல் டீயைக் குடிச்சிட்டு எழும்பிப் போயிருவாங்க."

கெம்பஸில் படிக்கும்போது ஒரு சீனியர் சொன்னது. கோபத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, பெரிய அக்கறையோடு சொன்னார்... அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ராத்தா, என் மூத்த சகோதரி, பிளேன்டீக் கோப்பைகளை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, "நான் இனி விளையாட வரல்ல. நீங்க மூண்டு பேரும் விளையாடுங்க. நான் டீ ஊத்தித் தாறன்" என்றார்.

எனக்கு அந்த சீனியரின் முகம்தான் ஞாபகம் வந்தது. சீனியர் தோற்க வேண்டும் என்பது ஒரு பக்கம். ராத்தா இல்லாத மேசையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது மறுபக்கம்.

என்ன விளையாட்டு? சொல்கிறேன்.

திரை கிடையாது. போன் கிடையாது. ஒரு மேசை, நாலு பேர், பென்சில், சதுரக் கோடு போட்ட கொப்பி. ஒருத்தர் கதையை நடத்துவார். நிலவறை, பொறி, பூதம், புதையல் எல்லாம் அவருடைய கொப்பியில் வரைந்திருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நீங்கள் ஒரு கல் கதவுக்கு முன்னால் நிற்கிறீர்கள். என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வாயால்.

இதில் புதிய பாணி, பழைய பாணி என்று இரண்டு உண்டு. புதிய பாணியில் பாத்திரங்கள் சினிமாக் கதாநாயகர்கள் மாதிரி. லேசில் சாகமாட்டார்கள். எனக்குப் பிடித்தது பழைய பாணி. அங்கே நீங்கள் மூன்றே மூன்று உயிர்ப் புள்ளியும் ஒரு கயிறும் ஒரு தீப்பந்தமும் உள்ள சாதாரண ஆள். யோசிக்காமல் காலை வைத்தால் குழிக்குள். ஆகவே கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் நகரவேண்டும். கேள்வி கேட்பதில் எங்கள் கல்முனைக்குடிப் பெண்களை யார் வெல்வது?

ஓஎல் பரீட்சை, ஏஎல் பரீட்சை, டிகிரி... மூன்றையும் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாகக் கொண்டுவந்தவள் நான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. இந்த விளையாட்டையும் நான்தான் கொண்டுவந்தேன். இங்கிலீஷ் விதிப்புத்தகங்களைப் படித்து, வேண்டாததை வெட்டி, எனக்குப் பிடித்த மாதிரித் தமிழில் விதிகளை எழுதினேன். ஒரு முழுக் கொப்பி. நிலவறையும் என் சொந்தக் கற்பனைதான் — கோடையில் வற்றிப்போன குளம், அதன் பழைய மதகு, மதகுக்குள்ளே கீழே இறங்கும் கற்படிகள்.

முதல் தடங்கல் உம்மாவிடமிருந்து வந்தது. கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்த இருபது முகப் பகடையைப் பார்த்துவிட்டு, "கட்டை உருட்டுறது கூடாதெண்டு பள்ளிவாசல் பயான்ல கேட்டிரிக்கன் புள்ள. என்ட வீட்டுக்குள்ள வேணாம்" என்றார்.

வாதாடவில்லை. பகடை பெட்டிக்குள் போனது. ராத்தா தையல் வேலை செய்பவர். அவரிடம் இல்லாத பட்டனா? ஒரே அளவில் இருபது சட்டைப் பட்டன்களை எடுத்து, பின்பக்கம் இலக்கம் எழுதி, ஒரு பால்மா டின்னுக்குள் போட்டுத் தந்தார். பார்க்காமல் ஒன்றை எடுக்கவேண்டும். இலக்கம் கூடினால் நல்லது, குறைந்தால் கேடு. பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கவேண்டும். பகடையை விட எனக்கு இது பிடித்துப்போனது. டின்னுக்குள் கை போகும்போது மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆம்பிளைகள் சாப்பிட்டு நித்திரை கொள்ளும் நேரம்தான் எங்கள் நேரம். ராத்தா வீட்டில் அவர் துணி வெட்டும் மேசைதான் எங்கள் மேசை. ஆட்கள் மூன்று பேர். ராத்தா. ராத்தாவின் மச்சி பஸீலா, அவருடைய கணவரின் தங்கை. பிறகு பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் ஜெனிட்டா. பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமமான சொறிக்கல்முனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளும் ராத்தாவை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

பஸீலா வாள்வீராங்கனை. ஜெனிட்டா மந்திரக்காரி. ராத்தாவின் விரல்கள் நுட்பமானவை என்பதால் பூட்டுத் திறக்கிற பாத்திரத்தை அவருக்குக் கொடுத்தேன். விதிப்புத்தகத்தில் அதற்குப் பெயர் திருடி.

"என்னை என்னத்துக்கு களவெடுக்கிறவளா ஆக்கின?"

"அது சும்மா பேர்தான் ராத்தா."

"பேரெண்டா நல்ல பேரா வெய்யன்."

சரி. 'பூட்டுத் திறக்கிறவள்' என்று மாற்றினோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை என்பது மதகுக்குள் இறங்கிய முதல் நாளே தெரிந்தது.

கற்படிகளின் அடியில் ஒரு கதவு. கதவின் முன்னால் ஈட்டியோடு ஓர் எலும்புக்கூடு, அரசனுடைய புதையலுக்குக் காவல். இந்த இடத்தில் உலகத்தில் எல்லா மேசையிலும் வாளைத்தான் உருவுவார்கள். பஸீலாவும் உருவினாள்.

ராத்தா சொன்னார், "நான் சலாம் சொல்றன்."

"ஆருக்கு?"

"நிக்கிற ஆளுக்குத்தான். ஒரு வாசலுக்குப் போனா சலாம் சொல்றதில்லையா?"

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு. "அவர் எந்தப் பக்கத்து ஆளெண்டு தெரியாம சொல்றீங்களே ராத்தா."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? பதில் சொல்ற ஆளெண்டா சொல்லட்டும்."

பழைய பாணியில் இதற்கும் ஒரு விதி இருக்கிறது. எதிரே வருவது பூதமே ஆனாலும், அது கோபமாக வருகிறதா சிநேகமாக வருகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ராத்தா டின்னுக்குள் கையை விட்டார். பதினேழு. எலும்புக்கூடு ஈட்டியைத் தாழ்த்தியது.

"சாப்பிட்டயா தம்பி? எலும்பும் தோலுமா இரிக்கியே."

"தோலும் இல்ல ராத்தா" என்றாள் ஜெனிட்டா.

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த ராத்தாவின் கணவர் எழும்பி வந்துவிட்டார். காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான். ஒரு சண்டையும் இல்லை.

உள்ளே புதையல். தங்கக் காசு, வெள்ளித் தட்டு, நடுவில் நெல் அளக்கிற ஒரு மரைக்கால், முழுக்கத் தங்கத்தில். பஸீலா உடனே சாக்கை விரித்தாள்.

"இது ஆர்ட சாமான்?" ராத்தா என்னைக் கேட்டார்.

"ஒருத்தர்டயும் இல்ல. செத்துப்போன ஓர் அரசன்ட."

"அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லையா?"

நான் யோசிக்கவேயில்லை. அரசனைச் சாகடிக்கும்போது யாராவது அவன் பிள்ளைகளை யோசிப்பார்களா?

"விளையாட்டுத்தானே மச்சி, எடுங்க" என்றாள் பஸீலா. ராத்தா எடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு வந்த எந்த வெள்ளிக்கிழமையும் இல்லை.

இங்கேதான் சிக்கல். பழைய பாணி விளையாட்டின் முதுகெலும்பே ஒரு விதிதான் — நிலவறையிலிருந்து எவ்வளவு பொன்னை வெளியே கொண்டுவருகிறீர்களோ, அவ்வளவு அனுபவப் புள்ளி. புள்ளி கூடினால் லெவல் ஏறும், உயிரும் கூடும். பஸீலா ஏறிக்கொண்டே போனாள். ஜெனிட்டாவும் கொஞ்சம் வெட்கப்பட்டு, கொஞ்சம் எடுத்து, ஏறினாள். பூட்டெல்லாம் திறந்துகொடுத்த ராத்தா மட்டும் முதலாம் லெவலிலேயே நின்றார், அதே மூன்று உயிர்ப் புள்ளியோடு. கீழ்த் தட்டுக்குப் போனால் ஒரு வௌவால் கடித்தாலே போதும், அவர் கதை முடிந்தது.

அதனால்தான் போன வெள்ளி அந்தப் பேச்சு. "எனக்கு முன்னேற்றம் இல்ல புள்ள. இது படிச்ச ஆக்கள்ற விளையாட்டு" என்று சொல்லிவிட்டு மூலையில் இருந்த தையல் மெஷினில் போய் உட்கார்ந்தார். மெஷின் ஓடத் தொடங்கியது.

படிச்ச ஆக்கள்ற விளையாட்டு... ராத்தா எட்டாம் ஆண்டோடு நின்றவர். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். "சரி, கீழே இறங்குறீங்க" என்றேன்.

காவல்காரன் கேட்டான், "சலாம் சொல்லுகிற பெண் எங்கே?"

"வரல்ல" என்று சொல்லிவிட்டு பஸீலா பட்டனை எடுத்தாள். இரண்டு.

அவர்கள் உள்ளே போனதும் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. தீப்பந்தம் குறைந்துகொண்டு வருகிறது. வெளிச்சம் போனால் இருவரும் அங்கேயே முடிந்தார்கள். பஸீலா கதவை வெட்டிப் பார்த்தாள். மூன்று. வாள் முறிந்தது. ஜெனிட்டாவின் ஒரேயொரு மந்திரமும் கதவில் பட்டுத் தெறித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெஷின் நின்றது.

"அவன் என்னத்துக்கு அங்க நிக்கிறான்?" ராத்தா திரும்பாமல் கேட்டார்.

"காவலுக்கு" என்றேன்.

"எதுக்குக் காவல்?"

"அரசன்ட பொன்னுக்கு."

"பொன் எங்க?"

எல்லோரும் பஸீலாவைப் பார்த்தோம். அவள் மடியில் இல்லாத சாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம். அவன் காக்கிற சாமானையும் எடுத்து, அவன்ட்டயே வழியும் கேட்டா விடுவானா?" கழுத்தில் அளவு நாடாவோடு ராத்தா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "என்ட ஆள் வெளியால நிக்கிறாள். சலாம் சொல்றாள். சாமான் எல்லாம் திரும்பி வருதெண்டும் சொல்றாள்."

"மச்சி... என்ட லெவல்" என்றாள் பஸீலா.

"உனக்கு லெவல் வேணுமா, வெளிச்சம் வேணுமா?"

டின். பன்னிரண்டு. பெரிய நல்லதும் இல்லை, கேடும் இல்லை. கதவு ஒரு கை அளவு திறந்தது. பஸீலாவின் சாக்கிலிருந்து மரைக்கால் முதலில் இறங்கியது, பிறகு காசுகள், தட்டுகள். எல்லாம் பழைய இடத்துக்குப் போனதும் காவல்காரன் கதவை முழுக்கத் திறந்து, ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, செத்த பிறகு முதல் தடவையாகக் கீழே உட்கார்ந்தான். இது என் கொப்பியில் இல்லை. வாயில் வந்தது.

"இதுக்குப் புள்ளி உண்டா?" பஸீலாதான் கேட்டாள்.

கொப்பியைப் புரட்டினேன். எடுப்பதற்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கொடுப்பதற்கு ஒரு வரி இல்லை.

"உண்டு. எடுத்தா எவ்வளவோ, உரிய இடத்தில வெச்சாலும் அவ்வளவு."

ராத்தா என்னைக் கூர்ந்து பார்த்தார். "எனக்காக மாத்திறயா புள்ள? அப்படியெண்டா எனக்கு வேணாம். நான் போய் டீ ஊத்துறன்."

"உங்களுக்காக இல்ல ராத்தா. பொன்னுக்குப் புள்ளி குடுக்கிறது ஆபத்துக்குள்ள போக வைக்கத்தான். திருப்பிக் குடுக்கப் போறதும் அதே ஆபத்துத்தானே?"

கழுத்தில் கிடந்த நாடாவைச் சுருட்டினார். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப பஸீலாக்கு எடுத்ததுக்கும் புள்ளி, வெச்சதுக்கும் புள்ளியா? ஒரே சாமானை எடுத்து எடுத்து வெச்சே அவள் ராணியாகிருவாள். இதென்ன சட்டம்?"

"நல்ல சட்டம்" என்றாள் பஸீலா.

பிறகு தொடங்கியது வாக்குவாதம்... ஜெனிட்டா ஒன்று சொல்ல, பஸீலா ஒன்று சொல்ல, ராத்தா இரண்டையும் வெட்ட. அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு சாமானுக்கு ஒரு தடவைதான் புள்ளி. உரிய இடத்தில் சேர்த்தால், எடுத்தவருக்கு வந்த புள்ளி மேசையில் எல்லோருக்கும் சமபங்கு. பஸீலா ஒரு லெவல் இறங்கினாள். ராத்தா இரண்டாம் லெவல். அதை எழுதும்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். பென்சிலை மட்டும் ரொம்ப அழுத்தினார்.

அந்த இங்கிலீஷ் புத்தகங்களை எழுதியவர்களும் தங்கள் மேசையைச் சுற்றி இருந்த ஆட்களைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் இல்லையா? என் மேசையைச் சுற்றி ராத்தா இருக்கிறார். விதியும் அதற்கேற்றபடி இருந்துவிட்டுப் போகட்டும்.

சீனியருக்கு ஒரு தகவல். டீ இருந்தது. ஆறிப்போய், நாலு கோப்பையிலும் அப்படியே இருந்தது. யாரும் எழும்பவில்லை.

போகும்போது ராத்தா விடவில்லை. "அந்த அரசன்ட பிள்ளைகள் எங்க இரிக்காங்க?"

"நான் எழுதல்ல ராத்தா."

"சொறிக்கல்முனைப் பக்கம் வயல் செய்வாங்களாக்கும்."

"அப்ப மரைக்கால் எங்கட வீட்டுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஜெனிட்டா ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தாள்.

அந்தப் பிள்ளைகளை ராத்தாவே கண்டுபிடிக்கட்டும். புதிய சதுரக் கொப்பி ஒன்றையும் பட்டன் டின்னையும் அவருடைய மேசையில், கதை நடத்துகிறவர் உட்காரும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். "எனக்கு நடத்த வராது" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். செவ்வாய்க்கிழமை போனபோது, சட்டை வெட்டும் பிரவுன் பேப்பரில் ஓர் ஆறும் நாலு வீடும் வரைந்திருந்தது. என்னைக் கண்டதும் துணியை இழுத்து மூடினார்.

என் பாத்திரத்தை நான் எழுதிவிட்டேன். முதலாம் லெவல், மூன்று உயிர்ப் புள்ளி, ஒரு கயிறு, ஒரு தீப்பந்தம். ராத்தாவின் முதல் வாசலில் யார் நின்றாலும் சரி... சலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பேன்.