மூடியோடு எடுத்த சுலைகா

ஃபிலிம் கேமராக்காரர்களுக்குப் பொறுமை அதிகம் என்கிறார்கள். பொறுமையெல்லாம் இல்லை, வேறு வழியில்லை. எழுபதை நெருங்கும் வயதில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கி விழித்தவள் நான். அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு விழிக்கிறீர்கள் என்றால் நீங்களும் என் கட்சிதான்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகள்

பூந்தமல்லி சுலைகா என் கல்லூரித் தோழி. ரம்ஜான் முடிந்ததும் மகளோடு இருக்க மஸ்கட்டுக்கே போகிறாள். அவள் முகம் காகிதத்தில், என் கையால் எடுத்ததாக, எனக்கு வேண்டும். அதற்குத்தான் இந்தக் கேமரா.

இதில் லென்ஸ் ஓரிடம், நாம் பார்க்கும் ஜன்னல் வேறிடம். ஜன்னலின் நடுவே ஒரு மஞ்சள் கட்டம். அதற்குள் எல்லாம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் துலங்கும். சேக்காட்டில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒன்றாக்கப் பார்த்தேன். வெயில் இறங்கியது, தொட்டி இரண்டாகவே நின்றது. துணி எடுக்க வந்த மகன் சொன்னான்:

"உனக்கு ஒரு கண்ணுலதாம்மா ஆபரேஷன் ஆகியிருக்கு. வம்பு பண்ணாம போன்ல எடுத்துட்டு வா."

முதுகில் ஒன்றுமில்லை

வம்பு பண்ணத்தான் கிளம்பினேன். கை பழக, முதலில் ஐயப்பன்தாங்கல் டிப்போ. டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர் சந்தோஷமாக நின்றார். எடுத்து முடித்ததும் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் கறுப்புத் தோல்.

"இன்னா பெரிம்மா, பின்னால ஒண்ணுமே காணோம்? படம் உழுந்துச்சா இல்லியான்னு உனக்கே தெரியாதா?"

வெளுத்த சுருள்

அன்று மாலையே சுலைகாவையும் எடுத்தேன். அடுப்படியில், வாசலில், சிரித்து, முறைத்து. சுருளை அம்பத்தூரில் கழுவக் கொடுத்தேன். கழுவியவர் அதை விளக்கில் பிடித்துக் காட்டினார். கண்ணாடிபோல் வெறுமை. கண்டக்டரும் இல்லை, சுலைகாவும் இல்லை. லென்ஸ் மூடியை நான் கழற்றவே இல்லை. ஜன்னல் வேறிடமாயிற்றே, எனக்கு உலகம் பளிச்சென்றுதான் தெரிந்தது. கழுவியவர் சொன்னார்:

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கும்மா. கேமராவுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

பெட்டிமேல் உட்கார்ந்தவள்

மகன் தன் போனை மேசையில் என் பக்கம் தள்ளினான். நான் லென்ஸ் மூடியைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, புதுச் சுருளோடு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் அவளுக்கு விமானம். கட்டி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்து, "இன்னைக்காவது கேமராவுக்குக் கண்ணைத் தொறந்துட்டியாடி?" என்றாள். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு சுலைகா: ஒருத்தி போகிறவள், ஒருத்தி இருக்கிறவள். வளையத்தை மெல்லத் திருகினேன். இருவரும் ஒருத்தியானபோது அவள் சிரிக்கவில்லை. அமுக்கினேன். நெட்டி முறிப்பது போல ஒரு சின்னச் சத்தம். எழுந்து என் கன்னத்தைத் தொட்டாள்.

"இதுவும் விழலேன்னா சொல்லுடி, திரும்பி வந்து உக்கார்றேன்."

சுருளைக் கழுவியாயிற்று, படம் கண் இமை வரைக்கும் துல்லியமாக விழுந்திருக்கிறது, அதை அவளிடம் மட்டும் நான் சொல்வதாக இல்லை.