வாடகைக்குப் போன செல்லப்பெயர்

கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன். சாலையில் கம்பெனி பஸ்கள் ஊர்கின்றன. பக்கத்தில் தமிழ் பேசும் ஓர் இளம் ஜோடி. அவன் மணிக்கட்டில், தங்கைகள் அண்ணனுக்குக் கட்டும் ராக்கிக் கயிறு.

"தங்கச்சி ஊர்லயா?" என்று பேச்சுக் கொடுக்கிறேன்.

"கட்டினது இவதான் சார். ஆனா தங்கச்சி இல்ல, லவ்வர்."

கல்யாணம் ஆகாத ஜோடிக்கு இங்கே யாரும் வீடு தரவில்லையாம். இந்தக் குடியிருப்பைப் பார்க்க வந்த அன்று அவன் பால்கனியிலிருந்து, "செல்லம்மா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டிருக்கிறான். தெலுங்கில் செல்லெம்மா என்றால் தங்கை. அதைக் கேட்ட தெலுங்குக்கார ஓனரம்மா குளிர்ந்துபோய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். ராக்கி வாங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து கட்டவைத்ததும் அவர்தான்.

"ராசியான பேருதான்" என்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. "வீடு கெடச்சுது. அதுக்கப்புறம் இவன் என்னை அப்படிக் கூப்பிடவே இல்ல சார்."

"வாய் வரமாட்டேங்குது" என்கிறான் அவன், டீயைப் பார்த்தபடி.

எதிர் கேட்டைத் திறந்துகொண்டு ஓனரம்மா வருகிறார். அவள் கிளாஸைக் கீழே வைக்கிறாள்.

"அண்ணா, கெளம்பலாமா?"